கை பார்த்துத் துப்பாக்கி சொல்கிறவர்

வெர்லின் ஸ்டாக்டனுக்கு மனிதர்களைப் பிடிக்காது. அதிலும் கைத்துப்பாக்கி வாங்க வருகிற மனிதர்களை அறவே பிடிக்காது. இப்படிப்பட்டவர் நோரீன் டில்லார்டின் துப்பாக்கிக் கடையில் முப்பத்தொரு வருடமாகக் கண்ணாடிப் பெட்டிகளுக்குப் பின்னால் நின்று வியாபாரம் செய்கிறாரே, கடை எப்படி உருப்படும் என்று கேட்கலாம். ஜோராகவே நடந்தது. ஓக்லஹோமாவின் அந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தங்களை மதிக்காத ஒருவரிடம் வாங்கினால்தான் நல்ல துப்பாக்கி வாங்கியதாகத் திருப்தி.

யார் உள்ளே வந்தாலும் அவர் முகத்தைப் பார்க்க மாட்டார், கையைப் பார்ப்பார். "விரிங்க" என்பார். வந்தவர் உள்ளங்கையை விரித்துக் காட்ட வேண்டும். ஒரு பார்வை, உதட்டில் ஒரு சுழிப்பு. அப்புறம் எந்தப் பெட்டியிலிருந்து எதை எடுத்து வைக்கிறாரோ அதுதான் உங்கள் துப்பாக்கி. மறுத்துப் பேசினால் காபியை எடுத்துக்கொண்டு அடுத்த ஆளிடம் போய்விடுவார்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், மனிதருக்குத் தொழில் தெரியும். பிடி பருத்த துப்பாக்கியைச் சின்னக் கைக்காரர் எடுத்தால் விரல்நுனி மட்டும்தான் விசையைத் தொடும். விரல் எட்டவில்லையே என்று கையைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடிப்பார். குண்டு குறியை விட்டு எங்கேயோ போகும். பெரிய கைக்காரர் குட்டித் துப்பாக்கியை எடுத்தால் சுண்டுவிரலுக்குப் பிடிக்க இடமிருக்காது, அது கீழே தொங்கிக்கொண்டிருக்கும். இதெல்லாம் வெர்லினுக்கு அத்துப்படி. ஆனால் தெரிந்ததைச் சொல்லிக் கொடுக்கிற வழக்கம் மட்டும் அவரிடம் கிடையாது. சொல்லிக் காட்டுகிற வழக்கம்தான் உண்டு.

அந்த ஊரில் வீடு வாங்கி விற்கிற தரகர் ஒருவர், கடையிலேயே பெரிய ரிவால்வர் வேண்டும் என்று வந்து நின்றார். கையோ பத்து வயதுப் பிள்ளையின் கை.

"ஏங்க, உங்க விரல் விசை வரைக்கும் போய்ச் சேர நாளைக்குச் சாயங்காலம் ஆயிடும் போலருக்கே" என்றார் வெர்லின்.

கடையே சிரித்தது. தரகரும் காது சிவக்கச் சிரித்துவிட்டு அதையே வாங்கிக்கொண்டு போனார்.

"வாங்கட்டும். ஞாயித்துக்கிழமை சர்ச்சு வாசல்ல வண்டிக் கதவைத் திறந்து காட்டத்தான வாங்குறான். சுடவா போறான்?" என்று அவர் முதுகு மறைவதற்கு முன்பே சொன்னார் வெர்லின்.

பெண்கள் என்றால் இன்னும் மோசம். பாதிப் பேர் புருஷனோடு வருவார்கள். புருஷன்மார் எல்லோருக்கும் ஒரே புத்தி. சின்னக் கை, ஆகவே சின்னத் துப்பாக்கி. இருப்பதிலேயே லேசான ரோஸ் நிற ரிவால்வரைக் காட்டி, "இவளுக்கு இதுதான் சரி" என்பார்கள். துப்பாக்கி எவ்வளவு லேசோ, சுடும்போது கையில் விழுகிற உதை அவ்வளவு பலமாகும், ஒரு பெட்டித் தோட்டா தீர்வதற்குள் அந்தப் பெண் அதை மேஜை இழுப்பறைக்குள் போட்டு மூடிவிடுவாள் என்பது வெர்லினுக்குத் தெரியும். எடுத்துச் சொல்லமாட்டார். எடுத்துச் சொல்லுகிற அளவுக்கு அவருக்கு அவர்கள்மேல் மரியாதை இல்லை. பேசாமல் பையில் போட்டுக் கொடுத்துவிடுவார்.

கடையில் ஒரு சட்டம் உண்டு. யாருக்கு எந்தத் துப்பாக்கியைக் கொடுத்தாலும், கொடுக்கிறவர் முதலில் அதைத் திறந்து காட்ட வேண்டும். ரிவால்வர் என்றால் உருளையை வெளியே தள்ள வேண்டும். பிஸ்டல் என்றால் மேலே இருக்கிற ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து, குழலுக்குள் குண்டு இல்லை என்பதைத் தானும் பார்த்து, வாங்குகிறவரும் பார்த்த பிறகுதான் கைமாற வேண்டும். ஒரு தடவை தவறினாலும் அந்த ஆள் மறுபடி கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நிற்க முடியாது. சட்டம் போட்டவர் நோரீனின் கணவர் ரேமன்ட். அவர் இறந்து ஆறு வருடமாகிறது. இந்தச் சட்டம் எதனால் வந்ததோ அந்தக் குண்டு ஓட்டை இன்னும் கூரையில் இருக்கிறது. ரேமன்ட் அதை அடைக்காமல் சுற்றிலும் சிவப்பு வட்டம் வரைந்து வைத்திருந்தார்.

போன குளிர்காலத்தில் க்லெட்டஸ் வோஃபர்ட் அந்தச் சட்டத்தில் மாட்டினான். வெர்லினோடு எட்டு வருடம் நின்று விற்றவன், மூன்று பிள்ளைகளுக்கு அப்பன். ஏதோ பேச்சு சுவாரசியத்தில் ஒரு ரிவால்வரைத் திறக்காமல் நீட்டிவிட்டான். உள்ளே ஒன்றுமில்லை. நோரீன்கூடக் கவனிக்கவில்லை. கவனித்தது வெர்லின்.

"கூரைல இருக்கிற ஓட்டை கண்ணுக்குத் தெரியலையாடா? ரெண்டாவது தடவைங்கிறது இந்தக் கடையில கெடையாது. கெளம்பு" என்று கடை நிறைய ஆள் இருக்கும்போது கத்தினார்.

நோரீன் எச்சரித்து விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தாள். இவர் விடவில்லை. அன்று மதியமே க்லெட்டஸ் போய்விட்டான். இப்போது நெடுஞ்சாலை ஓரத் தீவனக் கடையில் மூட்டை தூக்குகிறான். வெர்லினுக்கு அதில் வருத்தம் என்று ஒன்றும் இருக்கவில்லை.

வருத்தம் வேறு வழியில் வந்தது. அதற்கு அடுத்த வசந்தத்தில் அவருடைய இரண்டு கட்டைவிரல்களும் அடியில் வீங்க ஆரம்பித்தன. காலையில் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. பொத்தான் சட்டைகளைப் பீரோவில் போட்டுவிட்டு, அழுத்தினால் மூடிக்கொள்ளும் முத்துப் பொத்தான் வைத்த கௌபாய்ச் சட்டைகளுக்கு மாறினார். ஊர் அதை மிடுக்கு என்றது. கண்ணாடிப் பெட்டிகளின் சாவிக்கொத்து இடுப்பு பெல்ட்டில் ஒரு எஃகுக் கொக்கியில் தொங்கும். சாயங்காலம் அதைக் கழற்றி நோரீனிடம் கொடுக்க வேண்டும். கொக்கியை அழுத்தக் கட்டைவிரலில் வலுவில்லை. சாவியோடேயே வீட்டுக்குப் போக ஆரம்பித்தார். கடைமேல் இந்த மனிதருக்கு எவ்வளவு பாசம் என்று நோரீன் நாலு பேரிடம் சொல்லி நெகிழ்ந்தாள்.

ஸ்லைடை இழுப்பதுதான் பெரிய பாடு. கெட்டியான ஸ்ப்ரிங் என்றால் விரல் வழுக்கிவிடும், வலி முழங்கைவரை ஏறும். வெளியே சொல்லலாம். மருத்துவரிடம் போகலாம். நோரீனிடம், "இதை மட்டும் நீ இழுத்துக் குடும்மா" என்று கேட்கலாம். அவர் எதையும் செய்யவில்லை. ஊரார் கையைப் பார்த்து முப்பத்தொரு வருடம் உதட்டைச் சுழித்தவர் தன் கையை யாரிடம் நீட்டுவார்?

பதிலாக ஒரு தந்திரம் செய்தார்.

"நான் இழுத்துக் காட்டி என்ன ஆகப்போவுது? ராத்திரி நாய் குலைக்கறப்ப நானா வந்து இழுத்துத் தருவேன்? நீங்க இழுங்க. உங்க கையால இழுக்க முடியலைன்னா அது உங்க துப்பாக்கி இல்ல" என்று வந்தவர்களின் கையில் நேராகத் துப்பாக்கியைத் திணிக்க ஆரம்பித்தார்.

ஊர் இதையும் ஞானம் என்று எடுத்துக்கொண்டது. வெர்லின் சோதனை என்று அதற்குப் பெயர்கூட வந்துவிட்டது. முடியாமல் திணறுகிறவர்களைப் பார்த்து முன்பைவிட இரட்டிப்பாகச் சிரித்தார். நோரீன் ஒருமுறை, "சட்டம் சட்டம்தானே வெர்லின்?" என்று இழுத்தாள்.

"பெட்டிக்குள்ள வைக்கிறப்பவே ஒவ்வொண்ணையும் நான் பாத்துத்தான வைக்கிறேன்? சீட்டுல என் கையெழுத்து இருக்குல்ல?" என்றார்.

கையெழுத்து இருந்தது உண்மை. பெட்டியில் இருக்கிற ஒவ்வொரு துப்பாக்கியிலும் நூலில் கட்டிய சிவப்புச் சீட்டு ஒன்று தொங்கும். 'காலி. வெ.ஸ்.' என்று அதில் எழுதியிருக்கும். நோரீன் அதற்குமேல் கேட்கவில்லை. க்லெட்டஸுக்கு வளையாத சட்டம் இவருக்கு வளைந்தது.

ஒரு புதன்கிழமை துல்சாவிலிருந்து ஒருவன் வந்தான். செத்துப்போன அப்பாவின் அலமாரியைக் காலி செய்தபோது கிடைத்தது என்று, கம்பளிக் காலுறைக்குள் சுருட்டிய ஒரு பழைய பிஸ்டலை விற்பதற்காகக் கண்ணாடிமேல் வைத்தான். மெல்லிய பிடி, நல்ல எஃகு, ஆனால் ஸ்ப்ரிங் எமகாதக ஸ்ப்ரிங். வெர்லின் அடியிலிருந்த தோட்டா அடுக்கை உருவினார். அதில் ஒன்றுமில்லை. ஸ்லைடை இழுத்தார். கட்டைவிரல் வழுக்கியது. மறுபடி இழுத்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. துல்சாக்காரன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி, சரி" என்று எல்லாம் பார்த்தாகிவிட்ட குரலில் சொல்லி, பணத்தைக் கொடுத்துவிட்டு உள்ளே எடுத்துப் போனார்.

சாயங்காலம் யாரும் இல்லாதபோது இன்னொரு தரம் முயன்றார். நடக்கவில்லை. நோரீன் நாலடி தூரத்தில்தான் இருந்தாள், கூப்பிட்டால் ஒரு நொடி வேலை. கூப்பிடவில்லை. அடுக்கு காலியாகத்தானே இருந்தது, காலுறைக்குள் சுருட்டி வைத்த கிழவன் குழலுக்குள் குண்டை விட்டா வைத்திருப்பான் என்று தனக்குத்தானே வக்கீல் வைத்து வாதாடினார். சிவப்புச் சீட்டை எடுத்து, 'காலி. வெ.ஸ்.' என்று எழுதிக் கட்டினார்.

சனிக்கிழமை காலை அயோனா பெக் வந்தாள். நாற்பது வெள்ளாடு வளர்த்து, கையால் பால் கறந்து, பாலாடைக்கட்டி செய்து விற்கிறவள். நாற்பத்தைந்து வயது, ஒல்லி உடம்பு. ரப்பர் பூட்ஸோடு கடைக்குள் நுழைந்ததும் ஆட்டு வாடையும் கூடவே நுழைந்தது. வெர்லின் மூக்கைச் சுளித்துக்கொண்டே, "விரிங்க" என்றார்.

விரித்தாள். சின்னக் கை. குட்டை விரல். வெர்லின் அதற்குமேல் பார்க்கவில்லை. விரலடியில் இருந்த காய்ப்பையும், மணிக்கட்டுக்கு மேலே கயிறாகப் புடைத்த நரம்பையும் பார்த்திருக்கலாம். பழைய வெர்லின் பார்த்திருப்பார்.

"வீட்டுக்காரர் வரலையா?"

"செத்துப் போய் ஒம்பது வருஷமாச்சு. துப்பாக்கி எனக்குத்தான். தெருநாய்க் கூட்டம் ஒண்ணு ஆட்டுப் பட்டிக்குள்ள புகுந்துடுது. போன வாரம் மட்டும் நாலு குட்டி போச்சு. கையில தீவன வாளியோட நிக்கறப்ப ரைஃபிளைத் தூக்க முடியல. இடுப்புல இருக்கிற மாதிரி ஒண்ணு வேணும்."

வெர்லின் ரோஸ் நிற ரிவால்வரை எடுத்து வைத்தார். "அம்மணிக்கு இது போதும்."

அயோனா அதைத் தொடவே இல்லை. "எங்க நாத்தனார்கிட்ட இது இருக்கு. ரெண்டு தடவை சுட்டேன். இந்த இடத்துல தோல் உரிஞ்சு போச்சு. மூணாவது தடவை சுடறதுக்குள்ள நாய் ஊரைத் தாண்டியிருக்கும்."

சரியான விஷயத்தை ஒரு பெண் வந்து தன்னிடமே சொல்வது வெர்லினுக்குப் பொறுக்கவில்லை. வேண்டுமென்றே ஒரு தடித்த நாற்பத்தைந்து காலிபர் பிஸ்டலை எடுத்து நீட்டினார். ஸ்லைடை இழுத்ததும் இல்லை, உள்ளே காட்டியதும் இல்லை, எல்லாம் சோதனைக்காரர் பாணி. அவள் முதலில் ஸ்லைடை இழுத்து உள்ளே பார்த்தாள், பிறகு பிடித்துப் பார்த்தாள், பிறகு திருப்பி வைத்தாள்.

"விரல் எட்டல. கையைத் திருப்பிப் பிடிச்சா எட்டும். ஆனா குண்டு ஆட்டு மேல போகும்."

"ஆட்டுக்கும் ஒரு சேதாரம் இருந்துட்டுப் போகட்டுமே. கறியாச்சும் மிஞ்சும்" என்றார் வெர்லின். துப்பாக்கி செருகுகிற தோல்பை பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அயோனா சிரிக்கவில்லை. அவள் கண் பெட்டியின் கோடியில் இருந்தது.

"அந்தப் பழசைக் காட்டுங்க. பிடி மெல்லிசா இருக்கே."

வெர்லின் அந்தப் பெட்டியைத் திறக்கவில்லை. "அது ஆகாது. ஸ்ப்ரிங் ரொம்பக் கெட்டி. ஆம்பளைங்களே தெணறுவாங்க."

"தொட்டுப் பாக்கறேனே. தொட்டா உடைஞ்சா போயிடும்?"

அவருக்குப் பின்னால், சுவரில் மாட்டிய மான் தலைக்கு நேர் கீழே, நோரீன் நாற்காலியில் உட்கார்ந்து உரிமப் படிவங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே, "எடுத்துக் குடுங்க வெர்லின்" என்றாள்.

எடுத்தார். எடுத்த கையோடு விரல்கள் பழக்கத்தில் ஸ்லைடுக்குப் போயின. இழுத்துப் பார்த்து வழுக்கினால் இந்த ஆட்டுக்காரி பார்ப்பாள், அந்த இரண்டு பேரும் பார்ப்பார்கள். விரல்களை எடுத்துவிட்டார். அப்படியே அவள் கையில் வைத்தார்.

பிஸ்டல் அவள் கைக்குள் செய்து வைத்ததுபோல உட்கார்ந்தது. வெர்லினுக்கே அது தெரிந்தது, தெரிந்ததால் எரிச்சல் இன்னும் கூடியது.

"சரி, விரலை விசைல வைங்க. எட்டுதா? இப்ப அந்த மானோட மூக்கைக் குறி வெச்சு ஒரு அழுத்து அழுத்துங்க பாப்போம். மானாவது அசையுதான்னு பாக்கலாம்."

அயோனா விசையைத் தொடவே இல்லை. துப்பாக்கியைக் கீழே தாழ்த்தி, குண்டு தவறி வெடித்தால் வாங்கிக்கொள்ளவென்று பெட்டியின் கோடியில் வைத்திருந்த மணல் பீப்பாயின் பக்கமாகத் திருப்பினாள். "நீங்க தொறந்து காட்டலையே."

"சீட்டைப் பாருங்க அம்மணி. என் கையெழுத்து. முப்பத்தோரு வருஷக் கையெழுத்து."

"இருக்கட்டும். யார் குடுத்தாலும் நீயே ஒரு தடவை உள்ள பாத்துட்டு அப்பறம் மத்ததைச் செய்யின்னு தீவனக் கடை க்லெட்டஸ் சொன்னான். அவன் இங்க வேலை பாத்தவன்தானே?"

அந்தப் பெயரைக் கேட்டதும் வெர்லினின் வாய் கோணியது. "அந்தப் பயல் சொன்னானா! சரி, இழுங்க. இழுத்துடுங்க பாப்போம். முடியாட்டி அந்த ரோஸ் கலரை எடுத்துக்கிட்டு ஆட்டுக்கிட்ட போங்க."

இரண்டு பேரும் மறுபடி சிரிக்கத் தயாரானார்கள். அயோனா துப்பாக்கியை வயிற்றோடு சேர்த்துப் பிடித்தாள். இடது உள்ளங்கையால் ஸ்லைடை மேலிருந்து முழுசாகக் கவ்வினாள். வலது கையால் பிடியை முன்னுக்குத் தள்ளினாள். பால் கறக்கிற கை. ஸ்லைடு ஒரே மூச்சில் பின்னுக்கு வந்தது.

ஒரு தோட்டா துள்ளி வெளியே விழுந்தது. கண்ணாடிமேல் விழுந்து, உருண்டு, ரோஸ் நிற ரிவால்வரில் முட்டி நின்றது. பித்தளை கறுத்துப்போயிருந்தது. செத்துப்போன கிழவன் எத்தனை வருடத்துக்கு முன்னால் உள்ளே விட்டு வைத்தானோ.

யாரும் சிரிக்கவில்லை. அயோனா துப்பாக்கியைத் திறந்தபடியே கண்ணாடிமேல் வைத்துவிட்டு இரண்டு கையையும் எடுத்துக்கொண்டாள். அவள் முகம் வெளுத்திருந்தது. "மானைக் குறி வெக்கச் சொன்னாரே" என்றாள், யாருக்கும் சொல்லாமல்.

நோரீன் எழுந்து வந்தாள். தோட்டாவைப் பார்த்தாள். சிவப்புச் சீட்டைத் திருப்பிப் படித்தாள். பிறகு திரும்பி மான் தலையைப் பார்த்தாள், அதன் கீழே தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தாள்.

"நான் அங்கதான் உக்காந்திருந்தேன் வெர்லின்."

"கெழவன் வெச்சிருந்த லட்சணம் அப்படி. துல்சாக்காரப் பயல் ஒரு வார்த்தை சொல்லல…"

"இழுத்துப் பாத்துதான் எழுதினீங்களா?"

"ஸ்ப்ரிங் துருப்பிடிச்சு…"

"இந்தம்மா இழுத்தாங்களே." நோரீன் ஸ்லைடை மூடி, பிஸ்டலை அவர் முன்னால் நகர்த்தினாள். "இப்ப இழுங்க."

வெர்லின் எடுத்தார். வேறு வழியில்லை. அழுத்திப் பிடித்து இழுத்தார். வழுக்கியது. சட்டையின் முனையைச் சுற்றிப் பிடித்து இழுத்தார். அரை விரற்கடை நகர்ந்து திரும்பிப் போனது. முகத்தில் வியர்வை. மூன்றாவது தடவை அவர் தொண்டையிலிருந்து ஒரு முனகல் வந்தது, இத்தனை மாதமாக யாருக்கும் கேட்காமல் அவர் அடக்கி வைத்திருந்த முனகல். தோல்பைக்காரர்களில் ஒருவர் நாகரிகமாகச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். தரகர் வந்த நாளில் வெர்லின் திரும்பிக்கொள்ளவில்லை.

"எத்தனை நாளா இப்படி?" என்றாள் நோரீன்.

"வசந்தத்துலேருந்து."

"எங்கிட்ட சொல்லியிருந்தா நான் இழுத்துக் குடுத்திருக்க மாட்டேனா? இந்த மாசம் மட்டும் எத்தனை பேர் கையில இப்படியே குடுத்தீங்க? கடவுளே!" கோபம்தான், ஆனால் அழுகிற கோபம். கூரையில் இருந்த சிவப்பு வட்டத்தை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். "சாவி."

"நோரீன், ரேமன்ட் காலத்துலேருந்து நான்…"

"ரெண்டாவது தடவைங்கிறது இந்தக் கடையில கெடையாதுன்னு நீங்கதான் சொன்னீங்க. க்லெட்டஸோட துப்பாக்கில ஒண்ணுமே இல்ல வெர்லின். சாவியக் குடுங்க."

வெர்லின் இடுப்புக்குக் கையைக் கொண்டுபோனார். எஃகுக் கொக்கியின்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். அது அசையவில்லை. மற்றக் கையால் அழுத்தினார். அதுவும் இல்லை. சாவிகள் கலகலவென்று ஆடின. பெல்ட்டையே அவிழ்த்துவிடலாமா என்று பார்த்தார், அந்த வளையமும் காலையில் பல்லைக் கடித்து மாட்டியது. இத்தனை மாதமாகப் பாசத்தினால் சாவியை வீட்டுக்குக் கொண்டுபோன மனிதரின் பாசம் என்னவென்று நோரீனுக்கு அப்போது புரிந்தது.

"இருங்க" என்றாள் அயோனா. கண்ணாடிக்கு மேலே குனிந்து, அந்தச் சின்னக் கையை நீட்டி, குட்டைக் கட்டைவிரலால் கொக்கியை ஒரு அழுத்து அழுத்தினாள். கழன்றுவிட்டது. "ஆட்டுக் கழுத்துப் பட்டைல இதே கொக்கிதான் போடறோம். புதுசுல கொஞ்சம் முரண்டு பிடிக்கும்" என்று சொல்லிச் சாவிக்கொத்தைத் தோட்டாவின் பக்கத்தில் வைத்தாள்.

அவள் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. கிண்டலாகச் சொல்லியிருந்தால் வெர்லினுக்குப் பதில் இருந்திருக்கும், முப்பத்தொரு வருடம் சேர்த்து வைத்த பதில்கள். அவள் உண்மையிலேயே கொக்கியைத்தான் குறை சொன்னாள்.

தொப்பியை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு கதவை நோக்கி நடந்தார். தோள்பட்டையால் தள்ளித் திறந்தார். வெளியே வெயில் அடித்தது. பின்னால் ஒரு ஸ்லைடு இழுபடும் சத்தம் கேட்டது. நோரீன் அந்தப் பழைய பிஸ்டலை இழுத்துத் திறந்து, தான் முதலில் பார்த்துவிட்டு, அயோனாவுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள்.